எண்பத்து நாலில் நின்ற தராசு

மனிதர்களை எடைபோடத் தனியாக ஒரு மிஷின் வைத்திருப்பார்கள் என்பதே எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. எனக்குத் தெரிந்த தராசு பேல் என்கிற பஞ்சுப் பொதி ஏறும் மேடைத் தராசுதான். பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாலைக் குடோனில் இருபத்தாறு வருஷம் எடை கிளார்க்காக இருந்தேன். பேல் மேடையில் ஏறும். தண்டில் இருக்கும் குண்டை நகர்த்துவேன். தண்டு மட்டத்துக்கு வந்ததும் எழுதுவேன். பேலைக் கட்டிய இரும்புப் பட்டைக்கும் மேலே சுற்றிய சாக்குக்கும் உண்டான எடையைக் கழிப்பேன். ஒரு கிலோ முன்னே பின்னே வந்தது என்று ஒருத்தர் என்னைக் குறை சொன்னதில்லை. இந்தப் பெருமையை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் கிழியும்போது எங்கே கிழிந்தது என்று தெரியவேண்டும் அல்லவா?

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் போயிருக்கும். என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்றார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். எங்கள் வீடு இருந்த சாரத்திலிருந்து காலை பஸ்ஸில் போய், நாலு மணி நேரம் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு, சாயங்காலம் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி திரும்பி வருவாள்.

எங்கள் கல்யாணத்தின்போது ஜோசியர் பத்துப் பொருத்தத்தில் நாலுதான் தேறுகிறது என்று உதட்டைப் பிதுக்கினார். ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, பொருந்துகிறது, நீங்களே ஒரு கிட்னி கொடுக்கலாம் என்றார்கள். இருபத்தெட்டு வருஷம் சண்டை போட்ட பிறகு கிடைத்த சான்றிதழ். அவளிடம் சொன்னேன்: "பாத்தியா, உள்ளுக்குள்ள ஒத்துப்போவுதாம். வெளியிலதான் தகராறு."

ஆனால் டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐந்தடி நாலங்குலம் உயரம். தொண்ணூற்று மூன்று கிலோ. அந்த அளவில் ஆள் நிற்பதற்கும் உருள்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

"சார், இந்த ஒடம்ப வெச்சிக்கிட்டு உங்களுக்கு மயக்க மருந்து குடுக்க எனக்கு தைரியம் இல்ல. எண்பதுக்குக் கீழ வாங்க. அப்பதான் ஆபரேஷன் தேதி பேச முடியும்" என்றார். பிறகு அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சீக்கிரம் வாங்க. அவங்க இதயம் வீங்கிட்டு வருது. டயாலிசிஸ்லயே ரொம்ப நாள் ஓட்ட முடியாது."

எங்களுக்கு ஒரே மகள். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். அவள் வயிற்றில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்ததால் அந்தப் பேச்சை டாக்டர் எடுக்கவே இல்லை. ஆக, ஊரில் இருக்கும் ஒரே கிட்னி என்னுடையது. அது பதிமூன்று கிலோ கொழுப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது.

முதல் மூன்று மாதம் நான் ஒரு வீரன். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் என்று ஒரு சின்னப் பெண், மகளைவிட இளையவள், ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள். காலை இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு, இரவு இரண்டு சப்பாத்தி. தின்றது குடித்தது எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னாள். எழுதுவதுதானே என் பிழைப்பு? கோடு போட்டு, கட்டம் கட்டி எழுதினேன். விடியற்காலையில் குருசுக்குப்பம் பக்கமிருந்து கடற்கரைச் சாலையின் மறுகோடி வரை நடந்தேன். பேக்கரியில் ரொட்டி வேகும் வாசனை வரும் தெருவுக்குள் திரும்பாமல் சுற்றிக்கொண்டு போனேன். திங்கள்கிழமை தோறும் குடோன் தராசில் ஏறுவேன். லோடு மேஸ்திரி குண்டை நகர்த்துவார். என் வயசுக்காரர், என்னோடு சேர்ந்தே வேலைக்கு வந்தவர்.

"யோவ் கிளார்க்கு, இன்னா இது, பேல் ஒழுவுது? எண்பத்தாறு!"

தை மாதம் தொண்ணூற்று மூன்றில் ஆரம்பித்தவன் சித்திரை பிறக்கும்போது எண்பத்து நாலு. இன்னும் நாலு கிலோவும் கொஞ்சமும். வைகாசியில் ஆபரேஷன், ஆனியில் பேரப்பிள்ளை என்று மனசுக்குள் காலண்டர் போட்டுவிட்டேன்.

அங்கேதான் தராசு நின்றது.

அடுத்த திங்கள் எண்பத்து நாலு. அதற்கடுத்த திங்கள் எண்பத்து நாலு. மூன்றாவது திங்கள் மேஸ்திரி குண்டில் கையே வைக்கவில்லை. போன வாரம் விட்ட இடத்திலேயே இருந்தது. நான் ஏறினேன். தண்டு சாந்தமாக மட்டத்துக்கு வந்து நின்றது.

நான் தராசைச் சந்தேகப்பட்டேன். முத்திரை போட்ட இருபது கிலோ எடைக்கல் நாலை ஏற்றிச் சோதித்தேன். சரியாக எண்பது. "தராசு யோக்கியன்தான்யா" என்றார் மேஸ்திரி. "நீதான் சரியில்ல."

பிறகு கழிவுக் கணக்கில் இறங்கினேன். பேலுக்குச் சாக்கைக் கழிப்பதுபோல எனக்குச் சட்டையைக் கழித்தேன், வேட்டியைக் கழித்தேன். ஞாயிற்றுக்கிழமை மயிலம் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன். சாமிக்கு வேண்டுதல் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் முடி எத்தனை கிராம் இருக்கும் என்பதுதான் வேண்டுதல். நகத்தை ஒட்ட வெட்டினேன். கடைசியாக ஒரு திங்கள், குடோன் கதவைச் சாத்திவிட்டு, இடுப்பிலிருந்த, வெள்ளித் தாயத்து கோத்த அர்ணாக்கயிற்றையும் அவிழ்த்து எடைக்கல் மேல் வைத்தேன்.

மேஸ்திரி இரண்டடி பின்னால் போனார்.

"யோவ்! இன்னாய்யா பண்ற? அத செத்தாதான்யா அறுப்பாங்க!"

"அறுக்கல. அவுத்துத்தான் வெச்சேன்."

"எடுத்துக் கட்டுய்யா மொதல்ல! அதுல இன்னா நாப்பது கிராம் வருமா? நாப்பது கிராமுக்கு எமனக் கூப்புடுற?"

மொட்டைத் தலையும் அவிழ்ந்த அரையுமாக நான் தராசு மேல் நின்றேன். தண்டு அசையவில்லை. சிரிப்புத்தான் வந்தது. கயிற்றை மறுபடி கட்டப் போனால் முடிச்சு விழவில்லை. மேஸ்திரிதான் கட்டிவிட்டார், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுகிற மாதிரி திட்டிக்கொண்டே.

பயந்தவன் செய்கிற முட்டாள்தனம் எல்லாம் செய்தேன். ஒரு கப் சோற்றை அரை கப் ஆக்கினேன். இரவுச் சப்பாத்தியை நிறுத்தினேன். காலையும் மாலையும் நடந்தேன். ஒருநாள் கடற்கரையில் தலை சுற்றி, பாறைப் பக்கம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிட்டேன். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருத்தர் வந்து, "பெரியவரே, சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். பெரியவர்! ஐம்பத்தோரு வயசுக்கு அந்தப் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். திங்கள்கிழமை எண்பத்து நாலு.

ஆலோசகர் பெண் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"ஒடம்பு சில சமயம் இப்படி நிக்கும் சார். ஆனா நீங்க எழுதியிருக்கிறதப் பாத்தா இவ்ளோ நாள் நிக்கக்கூடாது. ஏதோ ஒண்ணு விட்டுப்போவுது. எல்லாத்தையும் எழுதுறீங்களா?"

"ஏம்மா, நான் எடை கிளார்க்கு. கருவேப்பிலையக்கூட எழுதியிருக்கேன் பாரு."

"குடிக்கிறது?"

"டீ ரெண்டு, சக்கரை இல்லாம. மத்தபடி தண்ணிதான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் கோபமாக எழுந்து வந்தேன். இருபத்தாறு வருஷ யோக்கியதைக்கு வந்த சோதனை என்று நினைத்தேன்.

அந்தச் சித்திரையில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று சொல்லவேண்டும். டயாலிசிஸ் ஆட்களுக்குச் சிறுநீர் போகாது. குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கி, காலில் வீங்கி, நெஞ்சில் ஏறும். முதலில் அவளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் என்று சொல்லியிருந்தார்கள். சித்திரை பிறந்ததும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மூன்று டம்ளர் என்று குறைத்துவிட்டார்கள். குழம்பு, மோர், மாத்திரை விழுங்குவது எல்லாம் அந்த மூன்றுக்குள். கத்திரி வெயில். ஓடு காய்கிற சத்தம் கேட்கும். வாயில் தண்ணீரை வைத்துக் கொப்பளித்துத் துப்புவாள். துப்புவதற்கு முன்னால் ஒரு நொடி யோசிப்பாள். அந்த ஒரு நொடியை நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

குடிதண்ணீர்ப் பானை சமையலறையில் இருந்தது. அவளும் நாள் முழுக்க அங்கேதான், ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடி வேலை செய்வாள். ஒருநாள் நடந்து வந்த வேகத்தில் சொம்பு நிறைய மொண்டு அண்ணாந்து குடித்தேன். குடித்துவிட்டுத் திரும்பினால் அவள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல, தொண்டையை. கோபம் ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டு வாசலில் நின்று உள்ளே பார்ப்பவர்கள் முகம் அது.

அதற்குப் பிறகு அந்தப் பானையை நான் தொடவில்லை. தாகம் எடுத்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். அங்கே கைப்பம்பு உண்டு, ஆனால் தண்ணீர் கடல் மாதிரி கரிக்கும். துவைக்கிற கல் மேல் வடித்த கஞ்சிச் சட்டி இருக்கும். அவளுடைய நூல் புடவைகளுக்குப் போட எடுத்து வைத்தது. அதில் ஒரு கல் உப்பைப் போட்டு, காலையில் ஒரு சொம்பு, வேலை விட்டு வந்ததும் ஒரு சொம்பு. சாப்பாட்டைக் குறைத்த பிறகு காலையிலேயே இரண்டு. மில்லில் தறி ஓடுகிற சூட்டில் நாங்கள் எல்லோரும் குடித்து வளர்ந்ததுதான். வேர்வைக்கு விடுகிற தண்ணீர். நோட்டில் அப்படியேதான் எழுதினேன்: தண்ணீர், இரண்டு சொம்பு.

வாசிக்கிறவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு ஏழு வாரம் விளங்கவில்லை.

கண்டுபிடித்தவள் அவள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் மொடமொடவென்று நூல் புடவை கட்டுவாள். "நோயாளின்னா தொவண்டுதான் போவணுமா?" என்பாள். ஒருநாள் காலை, புடவைக்குக் கஞ்சி போடச் சட்டியைப் பார்த்தால் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது மட்டும்தான் மிச்சம். பக்கத்து வீட்டு மாட்டைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். மறுநாள் ஜன்னல் பக்கம் ஒளிந்து நின்று பார்த்தாள். மாடு நான்தான்.

"ஏங்க!"

சொம்போடு திரும்பினேன். மீசையில் கஞ்சி.

"இன்னா குடிக்கிறீங்க?"

"தண்ணிதான்."

"அது தண்ணியா? கஞ்சிங்க அது!"

"கஞ்சித் தண்ணி."

"தண்ணியாப் போன சோறுங்க அது! அரை கப்பு சோறு துன்னுட்டு, அந்த சோத்தோட சாறு மொத்தத்தையும் வெளிய வந்து குடிச்சிட்டுப் போறீங்க! எத்தினி நாளா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாதக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு. "மொட்ட போட்டாராம், நகம் வெட்டினாராம்… சட்டியோட கஞ்சி குடிச்சாராம்…" மூச்சு வாங்கியது. நான் ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தேன். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்:

"உள்ள பானை நெறைய தண்ணி இருக்க, ஏன் கொல்லையில வந்து குடிக்கிறீங்க?"

வாய் நிறையப் பேசுகிறவன் நான். அன்றைக்குப் பானையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. தன் கையில் ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், பானையிலிருந்து சொம்பு நிறைய மொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

"குடிங்க. என் எதிர்லயே குடிங்க."

"அப்புறம் குடிக்கிறன்டி."

"சத்தம் கேக்கட்டும். குடிங்க."

குடித்தேன். ஒவ்வொரு மடக்காக அவள் எண்ணினாள். பதினொன்று. "போதும், எனக்கு நெறஞ்சிடுச்சி" என்றாள். அதன் பிறகு ஒரு நாளும் வேறு இடத்தில் நான் தண்ணீர் குடித்ததில்லை. வேலை விட்டு வருவேன். மொண்டு கொடுப்பாள். எண்ணுவாள்.

அடுத்த திங்கள் மேஸ்திரி அசட்டையாகத்தான் நின்றார். நான் ஏறினேன். தண்டு மட்டத்துக்கு வராமல் கீழே சாய்ந்தது. குண்டை உள்பக்கம் நகர்த்தினார். எண்பத்து மூன்று. "யோவ்!" என்று கத்தினார், யாரோ பிள்ளை பெற்ற மாதிரி. ஆலோசகர் பெண்ணிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவள் சிரிக்கக்கூடாது என்று முயற்சி செய்து தோற்றாள். "சார், நீங்க கருவேப்பிலை எழுதினீங்க" என்றாள்.

எண்பத்தொன்று. எண்பது. ஆடி மாதக் கடைசியில் எழுபத்தொன்பது. நோட்டை எடுத்துக்கொண்டு, ஆள் குறைந்ததற்குச் சாட்சியாகப் பிடித்துத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றேன். எந்த மணமகனும் என்னிடம் தோற்றான்.

டாக்டர் என்னைப் பாராட்டினார். அது முடிந்ததும் அவளுடைய ஸ்கேனை விளக்கொளியில் மாட்டினார். அதற்கு முந்தின வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்து, நெஞ்சில் நீர் கோத்திருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்ப பண்ண முடியாது. இந்த ஹார்ட் தாங்காது. கொஞ்சம் தேறட்டும். நீங்க எடைய இப்படியே வெச்சிருங்க."

"எத்தினி நாளைக்கி சார்?"

"பாப்போம்."

"வைகாசியிலயே நான் வந்திருந்தா?"

அவர் ஸ்கேனைக் கழற்றி உறையில் போட்டார். "அப்படியெல்லாம் கணக்கு பாக்காதீங்க. சொல்ல முடியாது அது."

சொல்ல முடியாது என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை. எடை கிளார்க்குக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. என் மனைவி அவனை மடியில் வைத்துக்கொண்டு, "தாத்தாவுக்குக் கஞ்சி ஊத்தாதடா, குடிச்சிடுவாரு" என்று அவனிடம் சொல்வாள். ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் இதயம் நின்றுவிட்டது. நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். எழுபத்தொன்பதிலேயே வைத்திருந்தேன், சொன்னபடி.

சாவு வீட்டில் ஊர் கூடியது. வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பார்த்து, கேட்கிற மாதிரியே ரகசியம் பேசினார்கள்.

"பொண்டாட்டி கவலையிலயே ஆளு பாதியா எளச்சிட்டான் பாரு."

"எப்படி இருந்த மனுஷன்!"

எனக்கு அந்த நேரத்திலும் எழுந்து நின்று, ஐயா, இது கவலையில் இளைத்தது இல்லை, ஆஸ்பத்திரித் தாள் பார்த்து இளைத்தது, கவலையில் ஏழு வாரம் ஒரு கிராம்கூட இறங்கவில்லை, வேண்டுமானால் நோட்டு இருக்கிறது என்று சொல்லவேண்டும் போல இருந்தது. மேஸ்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் படையல் போட்டோம். அவளுக்குப் பிடித்ததெல்லாம் வைக்கவேண்டும் என்பது வழக்கம். நோய் வந்த நாளிலிருந்து அவளுக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரியில் தடுத்ததெல்லாம் இலையில் ஏறியது: வாழைப்பழம், ஊறுகாய், கருவாட்டுக் குழம்பு, இளநீர். மகள் ஓரத்தில் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்தாள்.

"அத எடு" என்றேன்.

"ஏம்ப்பா?"

நான் உள்ளே போய்ப் பெரிய சொம்பை எடுத்து, பானையில் அமுக்கி, தளும்பத் தளும்பக் கொண்டுவந்து வைத்தேன். தரையெல்லாம் சிந்தியது. மகள் துடைக்கவில்லை. கற்பூரம் காட்டிவிட்டு, வழக்கப்படி கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே நின்றோம். உள்ளே சத்தம் ஏதும் கேட்கிறதா என்று நான் காதைக் கொடுத்துக்கொண்டுதான் நின்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வேலைக்குத் திரும்பியது ஒரு திங்கள்கிழமை. பழக்கம், கால் தானாகத் தராசு மேல் ஏறிவிட்டது. ஏறிய பிறகுதான் இனிமேல் எதற்கு என்று தோன்றியது. மேஸ்திரியும் பழக்கத்தில் குண்டருகே வந்துவிட்டார்.

மூன்று வாரமாக எனக்கு எதிரில் யாரும் மடக்கு எண்ணவில்லை. என்ன தின்றேன், குடித்தேன் என்று நான் எழுதவும் இல்லை. நடக்கவும் இல்லை. ஆனாலும் தண்டு கீழே சாய்ந்து கிடந்தது. மேஸ்திரி குண்டை உள்பக்கம் நகர்த்தினார். எழுபத்தேழு. தண்டு எழவில்லை. எழுபத்தாறு. எழுபத்தைந்து. எப்போதும் எண்ணைக் கூவிச் சொல்கிற மனுஷன், அன்றைக்கு வாயைத் திறக்காமல் குண்டைத் தள்ளிக்கொண்டே போனார்.